இழுவை குறைந்த என்ஜின்

எங்கள் கிணற்று என்ஜினுக்கு இழுவை குறைய ஆரம்பித்தது ஒரு மார்கழித் தொடக்கத்தில். அதுவரை அது எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகளைவிட நன்றாகச் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தது. கைப்பிடியைப் போட்டு வேகமாகச் சுற்ற வேண்டும். சக்கரம் ஓட்டம் பிடித்ததும் மேலே இருக்கும் சின்ன லீவரைத் தட்டிவிட வேண்டும். கொஞ்சம் இருமிவிட்டு டொப்பு டொப்பு என்று ஓட ஆரம்பித்துவிடும். பெல்ட்டைப் பம்பின் சக்கரத்துக்குத் தள்ளினால் குழாயிலிருந்து தண்ணீர் புஜத்தின் கனத்துக்கு வந்து தொட்டியில் விழும். எங்கள் ஊரில் என்ஜினைச் சுற்றி ஓடவிடுகிற பெண்பிள்ளை நான் ஒருத்திதான். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அது அறுபதுகளின் தொடக்கம். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊருக்கு மின்சாரக் கம்பி இன்னும் வந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிவிடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். காலைப் பஸ்ஸில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். அதனால் என்ஜின் என் தலையில் விழுந்தது. முதல் இரண்டு நாள் கைப்பிடி எதிர்ச்சுற்றுச் சுற்றி என் மணிக்கட்டைப் பதம் பார்த்தது. அதற்குப் பிறகு எனக்கும் அதற்கும் ராசியாகிவிட்டது.

அது பங்குக் கிணறு. மாமனார் வெட்டியது, இரண்டு மகன்களுக்கும் பாதிப் பாதி. மூத்தவர் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பங்கை அவர் மனைவி, என் ஓரகத்தி, வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்களோடு வந்துவிடு என்று பிறந்த வீட்டிலிருந்து அவள் அண்ணன் வந்து வந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் போகவில்லை.

"எனக்குன்னு பாதிக் கெணறு கெடக்கு. நான் எதுக்கு இன்னொருத்தி அடுப்படியில போயி நிக்கணும்?" என்பாள்.

அந்தப் பாதிக் கிணறுதான் அவளை நிமிர்ந்து நடக்க வைத்தது. கிணற்றை ஒட்டியிருந்த சின்னத் தோட்டத்தில் வருஷா வருஷம் மிளகாய் போடுவாள். பழம் எடுத்துக் காயவைத்து விருதுநகருக்கு ஏற்றி அனுப்புவாள். அதை வைத்து அவள் வீட்டு அடுப்பு எரிந்தது. யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. என்ஜின் பொது, எண்ணெய் தனி. டீசலை எங்கள் பக்கம் கிருடாயில் என்றுதான் சொல்வோம். அவரவர் முறைக்கு அவரவர் கிருடாயிலை டின்னில் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றி, தண்ணீர் பாய்ச்சி முடிந்ததும் மிச்சத்தை வடித்து எடுத்துக்கொண்டு போய்விடுவோம். ஒருத்தர் எண்ணெயில் இன்னொருத்தர் வயல் நனையக் கூடாது. பங்காளிகளுக்குள் பேச்சு வராமல் இருக்க யாரோ பெரியவர்கள் செய்து வைத்த ஏற்பாடு. பேச்சு வராமல் இருக்கச் செய்த அந்த ஏற்பாட்டை வைத்துத்தான் நான் பேச்சை வளர்த்தேன்.

அக்காவுக்கு என்ஜினைச் சுற்ற வராது. அவள் முறைக்கும் நான்தான் சுற்றிவிடுவேன். அவள் மண்வெட்டியோடு மடை மாற்றுவாள். என் முறைக்கு நான் என்ஜின் பக்கம் நின்றால் அவள் வந்து எனக்கும் மடை மாற்றிக் கொடுப்பாள். இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கிணற்றுக்குக் கிழக்கே ஒரு மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் அங்கேதான் உட்கார்ந்து, குச்சிகளைக் கட்டையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருப்பார்கள். குச்சி முனைகளை மருந்தில் தோய்த்தெடுத்த கட்டைகளை வெளியே நிழலில் காயவைப்பார்கள். எங்கள் என்ஜினின் புகைக்குழாய் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் என்ஜின் வாங்கிய உடனே ஆபீஸ்காரர் ஒரு கம்பி வலையைக் கொண்டுவந்து புகைக்குழாயின் வாயில் கட்டிவிட்டுப் போனார். தீப்பொறி வெளியே வராமல் இருக்க. அந்த வலையில் கரி அடையும்போதெல்லாம் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு அந்த ஒரு வலை போதவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்த ஊரிலும் வெடிமருந்து காயவைக்கிற களங்கள் இருந்தன. என் கூடப்பிறந்த அக்கா அங்கே வேலைக்குப் போனாள். எங்கிருந்தோ வந்த ஒரு பொறி களத்தில் விழுந்தது. அவள் உயிர் தப்பினாள், ஆனால் இரண்டு கை விரல்களும் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போயின. அதற்குப் பிறகு அவளால் தன் தலையைத் தானே பின்ன முடியாது. எனக்குக் கல்யாணமாகிற வரைக்கும் நான்தான் தினமும் பின்னிவிட்டேன். பின்னும்போது அவள் கைகளை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நெருப்பைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வருஷத் தீபாவளி முடிந்த கையோடு, ஒரு சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது, வலையைத் தாண்டி ஒரு பொறி பறந்ததைப் பார்த்தேன். மின்மினி அளவு இருக்கும். கரையைத் தாண்டுவதற்குள் அணைந்துவிட்டது. கரைவரைக்கும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"நீ ஒருத்தி. அதான் வல கட்டியிருக்குல்ல? இதுக்கு மேல கட்டுனா என்ஜின் மூச்சு முட்டிச் செத்துரும்," என்று சிரித்தார்.

அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அவர் பஸ் ஏறியதும் வீட்டில் ஆணியில் தொங்கிய பழைய கம்புச் சல்லடையை எடுத்தேன். மாமியார் காலத்துச் சல்லடை. இரும்புக் கம்பியில் பின்னியது. கம்பு நிற்கும், மண்ணும் தூசியும் கீழே இறங்கும். அறுவடைக்கு அறுவடைதான் அதற்கு வேலை. இரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். அதன் கம்பி வலையை ஓரத்தோடு வெட்டி எடுத்து, குழாய் அளவுக்கு வட்டமாக நறுக்கினேன். வெறும் வளையத்தை மறுபடி ஆணியிலேயே மாட்டினேன். அறுவடைக்குள் சாத்தூர்ச் சந்தையில் புது வலை வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைப்பு. கிணற்றடிக்குப் போய், புகைக்குழாய் என்ஜினோடு சேரும் இடத்தில் இருந்த போல்ட்டுகளை ஸ்பேனரால் கழற்றி, நடுவில் அந்த வட்டத்தை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் சிரிப்பார்களே.

என்ஜின் மூச்சு முட்டிச் சாகவில்லை. முன்னைப் போலவே ஓடியது. பார்த்தாயா என்று மனதுக்குள் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்தச் சல்லடையை மறந்துவிட்டேன். நம்புகிறவர்கள் நம்பட்டும். நானே சில நாள் நம்புவேன், சில நாள் நம்பமாட்டேன்.

இழுவை ஒரே நாளில் குறையவில்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. பெல்ட் மாட்டாமல் ஓடவிட்டால் நன்றாக ஓடும். பம்புக்கு மாட்டியதும் சத்தம் கனத்து, சக்கரம் மெதுவாகும். புகை கறுப்பாக வரும். தண்ணீர் புஜத்தின் கனத்திலிருந்து முழங்கைக்கு வந்து, பொங்கல் கழியும்போது மணிக்கட்டு அளவுக்கு இறங்கிவிட்டது. தொட்டி நிரம்பவே இல்லை. வாய்க்காலில் தண்ணீர் பாதி வழியிலேயே மண்ணில் சுண்டியது.

அக்காவின் மிளகாய் அப்போதுதான் பூத்திருந்தது. பூக்கிற நேரத்தில் மிளகாய்க்குத் தண்ணீர் வராமல் நின்றுபோனால் பூ உதிர்ந்துவிடும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் தோட்டத்திலும் மிளகாய்தான் நின்றது.

சாத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். ஆள் வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் வந்து இறங்கினார். என்ஜின் சத்தத்தைக் கேட்டதுமே, கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். கச்சேரிக்கு வந்தவர் மாதிரி இருந்தது. கிருடாயில் வருகிற பில்டரைக் கழற்றிக் கழுவினார். எண்ணெயை உள்ளே பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி ஊதினார். கிணற்றுக்குள் இறங்கி உறிஞ்சுகுழாயின் அடி வால்வில் சேறு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். பெல்ட் நழுவுகிறதா என்று மெழுகு தடவிப் பார்த்தார். புகைக்குழாயின் வாயில் இருந்த வலையையும் கழற்றித் தட்டி மாட்டினார். நான் பக்கத்திலேயே காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் கை அந்த போல்ட்டுகளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. குழாய் கொதித்துக்கொண்டிருந்தது. போல்ட்டும் துருவேறிப் போயிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. எனக்கும் அந்தப் பக்கம் நினைப்புப் போகவில்லை.

எல்லாம் பார்த்து மறுபடி ஓடவிட்டால் தண்ணீர் அதே மணிக்கட்டு அளவுதான். மெக்கானிக்குக்கு முகம் சுருங்கிவிட்டது. தோற்றுப்போனேன் என்று சொல்லிவிட்டுப் போக அவருக்கு மனமில்லை.

"எண்ணெயில தூசி இருந்துருக்கு. உள்ள போயிக் கரியாப் புடிச்சிருச்சு. யாரு யாரு எண்ணெ ஊத்துறீக?" என்று கேட்டார்.

"நாங்க ஒருநா, அவுக ஒருநா," என்றேன்.

"அப்ப யாரோ ஒருத்தர் எண்ணெ சரியில்ல," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

யாரோ ஒருத்தர் என்றால் நானாக இருக்க முடியாது. என் எண்ணெயைத் துணி போட்டு வடிகட்டித்தான் ஊற்றுவேன். என்னை எனக்குத் தெரியும். அக்கா எங்கே வாங்குகிறாள், எந்த டின்னில் பிடிக்கிறாள், வடிகட்டுகிறாளா என்று நான் கண்ணால் கண்டதில்லை. கண்டதில்லை என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் அவள் முறை. டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் என்ஜின் கொட்டகை வாசலில் நின்றுகொண்டேன்.

"எந்தக் கடையில எண்ணெ வாங்குறீக?" என்று கேட்டேன்.

"ஒங்க வீட்டுக்கு வாங்குற கடையிலதான். ஏன் தங்கச்சி?"

"வடிகட்டுறீகளா?"

"சேலைத் துணியில வடிச்சுத்தான கொண்டாரேன்."

"அப்பறம் ஏன் என்ஜின் இப்படிக் கெடக்கு? மெக்கானிக்கு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒருத்தர் எண்ணெயிலதான் கோளாறாம். என் எண்ணெயில இல்ல."

அக்கா டின்னைக் கீழே வைத்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"சரி, இன்னைக்கு ஒன் எண்ணெய ஊத்தி ஓட்டிவிடு. நாளைக்கு அம்புட்டையும் அளந்து ஒனக்கு ஊத்திருறேன். பூ நிக்கிற நேரம் தங்கச்சி," என்றாள்.

"எண்ணெ தனின்னு வச்சது வச்சதுதான். என்ஜின் சரியாகட்டும். அதுவரைக்கும் ஒங்க எண்ணெய ஊத்தினா நான் கைப்பிடியத் தொடமாட்டேன்."

ஊரில் வேறு ஆண்கள் யாரையாவது கூப்பிட்டுச் சுற்றச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. ஆனால் பங்காளி வீட்டுச் சண்டைக்குள் கைப்பிடி பிடிக்க எந்த ஆண் வருவான்? அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொம்பளைக ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கங்க," என்று நழுவிவிட்டார். அந்த மனுஷன் அன்றைக்கு ஒரு வார்த்தை என்னை அதட்டியிருக்கலாம். அதட்டவில்லையே என்று இப்போது அவர்மேல் பழிபோடப் பார்க்கிறேன் பாருங்கள். பழி போடும் புத்தி அவ்வளவு சுலபத்தில் போகாது.

என் எண்ணெயிலும் என்ஜின் இழுக்கவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உள்ளே ஏற்கெனவே பிடித்த கரி, அது அவள் எண்ணெய்க் கரி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தண்ணீர் மெல்லிசாக வந்ததால் என் தோட்டத்தை நனைக்க ஒருநாள் பற்றவில்லை. அடுத்த நாளும் ஓட்டினேன். அடுத்த நாள் என்றால் அவள் முறை நாள். சும்மா கிடக்கிற நாள்தானே என்று ஓட்டினேன். இந்த ஒன்றை மட்டும் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. சல்லடையை வைத்தது பயத்தில். அதைக்கூட மன்னித்துவிடலாம். அவளுடைய நாளை எடுத்துக்கொண்டேனே, அது எதனால்? என் செடி பிழைக்க வேண்டும் என்ற ஆசையில். அந்த ஆசை வந்த பிறகு என்ஜினுக்கு உண்மையில் என்ன கோளாறு என்று தெரிந்துகொள்ள எனக்கு அவசரம் இல்லாமல் போய்விட்டது.

அக்கா குடத்தைக் கயிற்றில் கட்டி இறைத்து ஊற்றிப் பார்த்தாள். ஆழக் கிணறு. ஒரு ஆள் குடத்தில் இறைத்து எத்தனை செடிக்கு ஊற்ற முடியும்? முதலில் கிணற்றை ஒட்டிய இரண்டு பாத்திகளைக் காப்பாற்றினாள். பிறகு ஒன்றை. வெள்ளைப் பூக்கள் கொட்டிச் செடிக்கடியில் கிடந்தன. நான் என் பக்கம் மடை மாற்றிக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். குடம் கிணற்றுச் சுவரில் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். என்ஜின் ஓடும்போது அதுவும் கேட்காது.

ஒருநாள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன். செடிகளையெல்லாம் பிடுங்கி, விறகுக்கு ஆகும் என்று கட்டுக் கட்டி வைத்திருந்தாள். மறுநாள் காலையில் தூக்குச்சட்டியோடு கரையேறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களுக்குப் பின்னால் அவளும் போவதைப் பார்த்தேன். அதுவரைக்கும் அவள் கூலிக்குப் போனதில்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் போனாள். என்னைப் பார்க்காமல் இருக்கக் குனிகிறாளா, ஊரைப் பார்க்காமல் இருக்கக் குனிகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரி சோறு பரிமாறும்போதும் அந்தக் குனிந்த தலைதான் கண்ணில் நின்றது. அப்படியும் வாய் அடங்கவில்லை. "அவுக எண்ணெய ஒழுங்கா ஊத்தியிருந்தா இந்த நெலம வந்துருக்குமா?" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ எழுந்தார்.

மாசியில் மானாவாரிக் கம்பு வீட்டுக்கு வந்தது. அக்காவுக்கும் கொஞ்சம் வந்திருந்தது, மழையை நம்பி விதைத்த மேட்டு நிலத்தில். ஒரு காலையில் வாசலில் நிழல் தெரிந்தது. நிமிர்ந்தால் அக்கா. அத்தனை நாள் பேச்சில்லாமல் இருந்ததால் எனக்கு முதலில் வாங்க என்றுகூட வாய் வரவில்லை.

"தங்கச்சி, கம்புச் சல்லடையக் குடு. ஆபீசுக்குப் போறதுக்குள்ள சலிச்சு வச்சிட்டுப் போறேன். ஒரே மண்ணாக் கெடக்கு," என்றாள்.

நானும் சாதாரணமாக உள்ளே போய் ஆணியில் கைவைத்தேன். கையில் வந்தது வெறும் வளையம்.

அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வளையத்தின் ஓரத்தில் நான் வெட்டிய கம்பி நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று என் விரலில் குத்தியது. புகைக்குழாய், போல்ட்டு, பல்லைக் கடித்து இறுக்கியது, எல்லாம் ஒரே சமயத்தில் முன்னால் வந்து நின்றன. கம்பைக்கூட நிறுத்துகிற சல்லடை மூன்று மாதக் கரியை நிறுத்தாமல் விட்டிருக்குமா?

அப்போதே வெளியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"அது கிழிஞ்சு போச்சுக்கா. வெட்டித் தூரப் போட்டுட்டேன்."

"பரவால்ல. நான் மொறத்துல பொடச்சுக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நான் அடுப்பில் கொதித்த உலையை இறக்கிவைத்துவிட்டு ஸ்பேனரோடு கிணற்றுக்கு ஓடினேன். துருவேறிய போல்ட்டுகள் அசையவில்லை. கிருடாயிலை ஊற்றி ஊறவிட்டு, கல்லால் தட்டித் தட்டிக் கழற்றினேன். குழாய் பிரிந்ததும் அந்த வட்டம் என் கையில் விழுந்தது. சல்லடை என்றே சொல்ல முடியாது, அடைதோசை மாதிரி இருந்தது. கண்கள் எல்லாம் கரியில் மூடி, நடுவில் நாலைந்து ஓட்டைகள் மட்டும் மிச்சம். இத்தனை நாளும் என்ஜின் அந்த நாலைந்து ஓட்டை வழியாகத்தான் மூச்சு விட்டிருக்கிறது. அதன் மூச்சு அடைத்ததற்கு நான் அவள் எண்ணெயைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியும் மனதில் ஒரு சின்ன நப்பாசை. இது காரணமாக இருக்கக் கூடாதே என்று. அதைத் தெரிந்துகொள்கிற வெறியில், குழாயைத் திரும்ப மாட்டாமலே கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். என்ஜின் காதைப் பிளந்துகொண்டு கிளம்பியது. பெல்ட்டைத் தள்ளினேன். சத்தம் கனக்கவில்லை, சக்கரம் தயங்கவில்லை. தண்ணீர் பழையபடி புஜத்தின் கனத்துக்குப் பாய்ந்து தொட்டிச் சுவரில் மோதித் தெறித்தது. என் முகமெல்லாம் நனைந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்தத் தண்ணீர் இத்தனை நாளும் இங்கேயேதான் இருந்தது.

அப்போது கரைமேல் யாரோ கையை வீசிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது. அக்கா. வாய் அசைகிறது, என்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்துவிட்டுத்தான் ஓடிவருகிறாள் என்று நினைத்தேன். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை. என்ஜினின் பக்கவாட்டைக் கைகாட்டினாள். திரும்பிப் பார்த்தேன். குழாய் இல்லாத திறந்த வாயிலிருந்து, உள்ளே அடைந்து கிடந்த கரியெல்லாம் பொறிப் பொறியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு வலை போதாது என்று இன்னொன்று வைத்த நான், ஒரு வலையும் இல்லாமல் கரையைப் பார்த்து என்ஜினை ஓடவிட்டிருந்தேன். காற்றும் அந்தப் பக்கம்தான் வீசிக்கொண்டிருந்தது.

லீவரைத் தட்டினேன். என்ஜின் நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் அவள் மூச்சிரைப்பது எனக்குக் கேட்டது.

"கட்டையெல்லாம் வெளிய காயுது தங்கச்சி. பொம்பளைக அம்புட்டுப் பேரும் அங்கனதான் உக்காந்துருக்கோம். என்ன காரியம் பண்ற நீ?"

என் காலடியில் கிடந்ததை அவள் பார்த்தாள். குனிந்து எடுத்தாள். விரலால் ஓரத்துக் கரியைச் சுரண்டினாள். உள்ளே பின்னல் தெரிந்தது. வருஷா வருஷம் கையில் பிடித்துச் சலித்தவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

"இது நம்ம அத்த சல்லடையில்ல?"

"ஆமாக்கா. நான்தான் வெட்டி உள்ள வச்சேன். தீவாளி முடிஞ்சதும். பொறி பறந்துச்சு, பயமா இருந்துச்சு. இதுதான் என்ஜின அடச்சிருக்கு. ஒங்க எண்ணெயில ஒண்ணும் இல்ல. ஒங்க முறையில நான் தண்ணி பாய்ச்சிக்கிட்டேன். ஒங்க செடிய நான்தான்..." அழுதேன். அவள் காலைத் தொடப் போனேன், அவள் நகர்ந்துகொண்டாள்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அவள் தொட்டியில் நின்ற தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வெறும் மண்ணாகக் கிடந்த தன் தோட்டத்தைப் பார்த்தாள். கடைசியில்தான் என்னைப் பார்த்தாள்.

"பயந்துதான வச்ச? அத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே வாராவாரம் கழட்டித் தேச்சுக் குடுத்துருப்பேனே," என்றாள்.

"இனிமே இது வேணாங்க்கா. தூர எறிஞ்சிருறேன். நாளைலருந்து ஒங்க முறை ஒங்களுக்கு. நான் சுத்தித் தாரேன்."

"எதுக்குப் பாய்ச்ச? செடி எங்க இருக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மடை எங்கே இருக்கிறது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பிறகு அந்தக் கரி வட்டத்தை என் கையில் வைத்தாள்.

"இத எறிஞ்சிராத. புளியப் போட்டு நல்லாத் தேச்சு, இருந்த எடத்துலயே திரும்ப வையி. இப்ப அந்தப் பக்கம் நான்ல உக்காந்துருக்கேன்."

சொல்லிவிட்டுக் கரையேறிப் போய்விட்டாள். ஆபீசில் கட்டை அடுக்குவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அன்றைக்கே தேய்த்து மாட்டினேன். ராத்திரி வீட்டுக்காரரிடமும், அவர் அண்ணன் தம்பி முறை உள்ளவர்களிடமும் நடந்ததைச் சொன்னேன். அடுத்த வருஷம் அவள் மறுபடி மிளகாய் போடுவாள் என்று காத்திருந்தேன். நாற்றுகூட விட்டு வைத்திருந்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. என்மேல் வஞ்சம் என்று சொல்ல முடியாது. என் வீட்டுக்கு வந்தாள், என் பிள்ளைகளுக்குத் தலை பார்த்தாள், கம்பு சலிக்கப் புதுச் சல்லடையைக் கடன் வாங்கிப் போனாள். தோட்டத்தை மட்டும் தொடவில்லை. தண்ணீர் இன்னொருத்தி கையில் இருக்கிற தோட்டத்தை நம்பி இனி உட்கார முடியாது என்று முடிவு செய்துவிட்டாள் போலிருக்கிறது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவள் முறை நாட்களில் நான் பிறகு ஒருபோதும் தண்ணீர் பாய்ச்சவில்லை. அந்த நாட்களில்தான் குழாயைக் கழற்றி, சல்லடையை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பேன். ஒவ்வொரு கண்ணாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். அதன் வழியாகக் கரை தெரியும். கரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டே கட்டை அடுக்குகிற சத்தம் கேட்கும். அவள் குரல் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போல்ட்டை முடுக்குவேன்.